பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் கோட்டை காட்டினேன்

இந்தப் பக்கம் பாக்க இன்னா இருக்குன்னா கேட்டீங்க? வேற யாரையாவது கேட்டிருந்தா 'கோட்ட இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கிடுவாங்க தம்பி. என்ன கேட்டீங்க பாருங்க, நல்ல நேரம் உங்களுக்கு.

என் பேரு தாண்டவராயன். சர்வீஸ் பூரா இந்த ரோட்டுலதான் கண்டக்டர். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை வரைக்கும் எந்த ஸ்டாப்புல எறங்கிக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்ப ரிட்டயர்டு. ரிட்டயர்டுன்னா வீட்டுல கெடன்னு அர்த்தமா? காலையில ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப், இந்த பஸ்ஸுல சும்மா போயிட்டு வருவேன். ஒரே எடத்துல ஒக்காந்தா எனக்குக் கால் குடையும். இப்பக் கூட பாருங்க, எழுந்து நிக்கணும் போல இருக்கு. நிக்கிறேன், நீங்க ஒக்காருங்க.

செஞ்சிக் கோட்ட, அது எல்லாருக்கும் தெரியும். மூணு மலை, சுத்தி மதிலு. ஆனா அங்கயே பக்கத்துல திருநாதர் குன்றுன்னு ஒண்ணு இருக்கு, ஒரே பாறையில இருபத்தி நாலு தீர்த்தங்கரர செதுக்கி வெச்சிருக்கான். விழுப்புரம் ரோட்டுல போனா மண்டகப்பட்டு, பல்லவ ராஜா குடைஞ்ச கோயிலு. இந்தாண்ட பனமலை. அந்தாண்ட திருவக்கரையில மரமெல்லாம் கல்லாப் போயி கெடக்கு. நம்ப மாட்டீங்க, தொட்டுப் பாத்தா கல்லு, கண்ணால பாத்தா மரம். யாரு நம்ம ஊருக்கு வந்தாலும் நான் காட்டாம அனுப்பினதில்ல. சொந்தக்காரன், சிநேகிதன், டிரைவருங்களோட மாமனாரு, பேரே தெரியாத ஆளுங்கன்னு எல்லாருக்கும் காட்டியிருக்கேன்.

ஒரு தடவ பொண்ணு பாக்க வந்தவங்களுக்கே காட்டினேன். சிரிக்காதீங்க. என் பொண்ணப் பாக்க வந்தவங்களுக்குத்தான். காலையில வந்தவங்கள மத்தியானம் வரைக்கும் வீட்டுப் பக்கமே விடாம சுத்த வெச்சேன். ஏன்னு கேளுங்க.

வீட்டுல அவ இல்ல. அவன்னா என் சம்சாரம், பூங்காவனம். அண்ணன் வீட்டுக்குப் போயி ஒரு மாசம் ஆயிருந்துச்சி.

சண்டையான்னா சண்டையெல்லாம் இல்ல. நான் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. மாசி மாசம் சேலத்துல இருந்து என் தங்கச்சி குடும்பம் வந்துச்சி. வழக்கம்போல கோட்டைக்குக் கூட்டிக்கினு கெளம்புறேன். இவ நல்ல புடவை ஒண்ணு கட்டிக்கினு, தலையில பூ வெச்சிக்கினு வந்து வாசல்ல நிக்கிறா. "நானும் வரேன்"னா. நான் கத்தல, அடிக்கல. "நீயும் வந்துட்டா திரும்பி வர்றப்ப இவங்களுக்கு யாரு சோறு போடுறது? கோட்ட எங்க ஓடியா போவுது? என்னைக்கு வேணா பாத்துக்கலாம்"னேன். இதுல இன்னா தப்பு? அவ உள்ள போயி பழைய புடவைக்கு மாத்திக்கினா. நாங்க திரும்பி வர்றப்ப கறிக்கொழம்பு, வடை, பாயசம் எல்லாம் தயாரா இருந்துச்சி. சிரிச்சிக்கினேதான் பரிமாறினா. என் தங்கச்சிகூட "அண்ணி கைப்பக்குவமே தனி"ன்னு சொல்லுச்சி.

தங்கச்சிய பஸ் ஏத்திட்டு வந்து பாக்குறேன், கதவு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்டுல. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

ஏன் போனான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி. சுகர் இருந்தா கோவம் ஜாஸ்தியா வரும்னு சொல்றாங்க, அதுவா இருக்கலாம். இல்லன்னா அவ அண்ணி தூண்டி விட்டிருப்பா. அது ஒரு மாதிரிப் பொம்பள. எப்பப் போனாலும் என்னப் பாத்து, "இன்னா அண்ணே, ஒரு நாளாவது தங்கிட்டுப் போறது"ன்னு கேக்கும். பஸ்ஸ விட்டுட்டு நான் எங்க தங்குறது?

நான் போன் பண்ணல. நானா போவச் சொன்னேன்? போனவளுக்கு வரத் தெரியாதா? பொண்ணு தேன்மொழி மட்டும் அடிக்கடி போயிட்டு வரும். திண்டிவனத்துல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை பண்ற வேலை அதுக்கு. வேலை முடிச்சிட்டு அம்மாவப் பாத்துட்டு வரும். வந்து என்னப் பாக்கும்.

இப்படி இருக்கப்பதான் மதுராந்தகத்துல இருந்து போன் வந்துச்சி. நல்ல எடம். பையன் பேரு இளம்பரிதி. ஒரகடத்துல கம்பெனியில சூப்பர்வைசர். அப்பா சபாபதி பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவரு. ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சி. "வர்ற ஞாயித்துக்கெழம வரோம்"னு அவங்களே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல தள்ளினா வேற எடம் பாத்துடுவாங்க.

நான் தேன்மொழிகிட்ட சொன்னேன், "அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம். நீ ஒரு காபி குடுத்துட்டு உள்ள போயிடு."

"அம்மா இல்லாம நான் யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேம்பா."

"அப்ப போயி கூட்டிக்கினு வா."

"நீங்க போங்க. கூப்பிடுங்க. வருவாங்க."

"நான் எதுக்குப் போவணும்? நானா அனுப்பினேன்?"

என்னையே பாத்துக்கினு நின்னுச்சி. அப்பால இன்னா நெனச்சிச்சோ, "சரி, காலையில முதல் பஸ்ஸுல நான் போறேன். அம்மாவக் கூட்டிக்கினு வர்ற வரைக்கும் அவங்கள நீங்க பாத்துக்குங்க. வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கினு வந்துடாதீங்க"ன்னு சொல்லுச்சி.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி. யாருகிட்ட இந்த வேலையக் குடுக்குது பாருங்க! ஒரு வாரம்னாகூட நான் சுத்திக் காட்டுவேனே.

பங்குனி வெயிலு. நான் செஞ்சிக்கு முன்னாலயே ரோட்டோரமா போயி நின்னுட்டேன். வெள்ளக் காரு. கைய நீட்டி பஸ்ஸ நிறுத்தறா மாதிரி நிறுத்தினேன். பையன்தான் ஓட்டிக்கினு வரான், பக்கத்துல அவங்கப்பா, பின்னால அம்மா. குணசுந்தரின்னு பேரு, கொஞ்சம் பருத்த ஒடம்பு. கால நீட்டி ஒக்காந்திருந்தாங்க. முட்டி வலியாம். மடியில பூவும் பழமும் வெச்ச தட்டு.

"வாங்க வாங்க. மொத மொதல்ல நம்ம ஊருக்கு வரீங்க. கோட்டயப் பாக்காம வீட்டுக்குப் போனா நல்லா இருக்காது"ன்னு சொல்லிக்கினே நான் பின் கதவத் தொறந்து ஏறிட்டேன். யோசிக்க விடக் கூடாது பாருங்க.

அந்தம்மா புள்ளையப் பாத்தாங்க. புள்ள கண்ணாடியில அம்மாவப் பாத்துச்சி. "போவலாம் அங்கிள், எங்க திரும்பணும்?"னு கேட்டுச்சி. தங்கமான புள்ள. அப்பவே எனக்குப் புடிச்சிப் போச்சி.

கோட்டையில கல்யாண மகாலு, நெற்களஞ்சியம், யானக்கொளம் எல்லாத்தையும் காட்டினேன். மலை மேல ஏறச் சொல்லல, அந்தம்மாவால முடியாது. நானும் ஏற மாட்டேன். கீழ நின்னு கைய நீட்டினேன்னா மேல இருக்கறதெல்லாம் சொல்லிடுவேன். அங்க மணி மண்டபம், இங்க கோயிலு, அதோ பீரங்கின்னு. தேசிங்கு ராஜா கதைய நான் ஆரம்பிச்சா யாரும் அசைய மாட்டாங்க. அந்தம்மா கல்லு மேல ஒக்காந்து முட்டியத் தடவிக்கினே கேட்டாங்க. சபாபதி சாரு, "இன்னும் ஏதாச்சும் இருக்கா சார்?"னு கேட்டாரு. எவ்ளோ ஆர்வம் பாருங்க.

நடுவுல போன். தேன்மொழி. தள்ளிப் போயி பேசினேன்.

"இன்னா, கெளம்பிட்டீங்களா?"

"இல்லப்பா. அம்மா தண்ணி புடிச்சிக்கினு இருக்காங்க."

"தண்ணியா புடிக்கிற நேரம் இது? அவங்க பொறுமையா கேட்டுக்கினு இருக்காங்க. எவ்ளோ நேரம் நான் தேசிங்க செத்துப் போவ விடாம வெச்சிருக்கறது?"

"அம்மா கேக்கறாங்க, அப்பா இன்னா சொல்லி அனுப்பிச்சாருன்னு."

"வரச் சொன்னேன்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா? பூ வாங்கிக்கினு வரச் சொல்லு."

போன வெச்சிடுச்சி.

நான் திரும்பி வந்தா சபாபதி சாரு கேக்குறாரு, "வீட்டுல எல்லாம் தயாரா இருக்காங்களா சார்?"

"எல்லாம் தயாரு. வீட்டம்மா பூ வாங்கப் போயிருக்கா. அதுக்குள்ள திருநாதர் குன்று பாத்துடலாம், பக்கத்துலதான்."

அங்க பாறை. இருபத்தி நாலு பேரும் வரிசையா ரெண்டு அடுக்கா ஒக்காந்திருக்காங்க. பக்கத்துல ஒரு கல்வெட்டு, ஒரு சாமியாரு சாப்பிடாமலே இருந்து உயிர விட்ட எடம் அது. அத நான் சொன்னதும் அந்தம்மா கேட்டாங்க, "அவருக்கு யாரு மேல கோவம்?"

"கோவமில்லம்மா, தவம்."

"ரெண்டும் ஒண்ணுதான், வீட்டுல இருக்கறவங்களுக்கு"ன்னாங்க. அப்பால, "உங்க வீட்டம்மா இங்கெல்லாம் அடிக்கடி வருவாங்களா?"ன்னு கேட்டாங்க.

"அவ எங்கம்மா வருவா? அவளுக்கு வேலையே சரியா இருக்கும். வர்றவங்களுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போடணுமே."

அந்தம்மா தலைய ஆட்டினாங்க. பையன் போன எடுத்து எதையோ தட்டிட்டு சிரிச்சிக்கினான். இந்தக் காலத்துப் புள்ளைங்க போன் இல்லாம எங்க இருக்குது?

வெயில் ஏறிடுச்சி. தேன்மொழிகிட்ட இருந்து போன் இல்ல. நான் பண்ணா எடுக்கல. சபாபதி சாரு கடியாரத்தப் பாக்குறாரு. நான் சொன்னேன், "இப்ப எமகண்டம் வரப் போவுது. எமகண்டத்துல பொண்ணு பாக்கறது நல்லதில்ல. ஒன்றரைக்கு அப்பால போவலாம். அதுவரைக்கும் மண்டகப்பட்டு. அங்க உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

மண்டகப்பட்டு ஏன் சொன்னேன்னா, அதுக்குக் கொஞ்ச தூரத்துலதான் அவ அண்ணன் ஊரு. கெளம்பினாங்கன்னா அந்த வழியாத்தான் வரணும். பஸ்ஸுல வர்றவங்கள நடுவுல மடக்கி வீட்டுக்கு அனுப்பிட்டு, இவங்கள இன்னும் கொஞ்சம் சுத்த வெச்சி, அவ காபி போடற நேரத்துக்கு நாங்க போயி எறங்கணும். எனக்கு பஸ் டைமிங் எல்லாம் மனசுல அத்துப்படி.

வழியில நுங்கு வெட்டிக்கினு இருந்தான் ஒருத்தன். நிறுத்தி வாங்கிக் குடுத்தேன். பொண்ணு வீட்டுல சாப்பிட வேண்டியவங்க புளியமரத்து நெழல்ல நின்னு நுங்கு உறிஞ்சிக்கினு இருக்காங்க. ஒருத்தரும் மொகம் சுளிக்கல. எனக்கே ஆச்சரியம். நம்ம பேச்சு அப்படி.

மண்டகப்பட்டு போனா ஒருத்தரும் இல்ல. பாறையக் குடைஞ்ச கோயிலு. ரெண்டு பக்கமும் காவலாளிங்க தடியோட நிக்கிறாங்க. செங்கல்லு இல்லாம, மரம் இல்லாம, இரும்பு இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கோயில் கட்டினேன்னு அந்த ராஜா எழுதி வெச்சிருக்கான். அதச் சொல்லிக்கினே இருக்கேன், அப்ப ஒரு ஆட்டோ வந்து நிக்குது. எறங்குறது யாருன்னு பாத்தா பூங்காவனம். பின்னால தேன்மொழி.

நேரா இங்கயா வர்றது? எமகண்டம் வேற. நான் தூண் மறைவுல இருந்து கைய ஆட்டறேன், கண்ண காட்டறேன், பூ வாங்கப் போனேன்னு சொல்லுன்னு வாய அசைக்கிறேன். அவ என்னப் பாக்கவே இல்ல தம்பி. செருப்பக் கழட்டிட்டு என்னத் தாண்டி உள்ள போனா. அந்தக் காவலாளிய அண்ணாந்து பாத்தா. தூணத் தொட்டுப் பாத்தா. சுவத்துல கைய வெச்சி அப்படியே ஒரு சுத்து சுத்தி வந்தா. கண்ண மூடி ஒரு நிமிஷம் நின்னா. எல்லாரும் அவளையே பாக்குறோம். வாங்கன்னு சொல்லணும், கும்பிடணும், ஒண்ணும் இல்ல.

வெளிய வந்து அந்தம்மா எதிர்ல நின்னா.

"மன்னிச்சுக்குங்க. எங்க அண்ணன் வீட்டுல இருந்து நடந்து வர்ற தூரந்தான் இது. இன்னைக்குத்தான் பாக்குறேன். அதான் மொதல்ல உள்ள போயிட்டேன்."

"அதனால இன்னா? நீங்கதான் தேன்மொழி அம்மாவா?"

"ஆமாங்க. ஒண்ணு சொல்லிடறேன். நான் ஒரு மாசமா இவரு வீட்டுல இல்ல. அண்ணன் வீட்டுலதான் இருக்கேன். இவரு சொல்லியிருக்க மாட்டாரு."

முடிஞ்சிதுன்னு நெனச்சேன். காலையில இருந்து நான் பட்ட பாடு, ஒரே வாய்ல. பேசாம தரையில குந்திட்டேன். நானே ஒக்காந்துட்டேன்னா பாத்துக்குங்க.

அந்தம்மா சிரிச்சாங்க. "எங்களுக்கு நேத்தே தெரியும்மா. தேன்மொழி போன்ல எங்க பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சி. 'அப்பா உங்கள எங்கயாவது கூட்டிக்கினு போவாரு, வேணாம்னு சொல்லாதீங்க, கூடவே இருங்க. நான் அம்மாகிட்ட நிதானமா பேசணும். அப்பா வந்துட்டா அவரே பேசிக்கினு இருப்பாரு'ன்னு சொல்லுச்சாம். நாம எங்க இருக்கோம்னு எங்க பையன்தான் அப்பப்ப போன்ல சொல்லிக்கினு இருந்தான்."

நான் தேன்மொழியப் பாத்தேன். அது தரையப் பாக்குது.

இப்ப யோசிங்க தம்பி. எல்லாம் தெரிஞ்சே கோட்டையில நின்னு, பாறையில ஏறி, தேசிங்கு ராஜா கதைய முழுசா கேட்டிருக்காங்க. கொட்டாவி விடல. அப்ப அந்தக் கதையில ருசி இல்லாமலா கேட்டிருப்பாங்க? அத நான் பெருமையாத்தான் நெனைக்கிறேன்.

பூங்காவனம் அந்தப் பையன்கிட்ட திரும்பினா. "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். லீவு நாள்ல என் பொண்ண எங்கயாவது கூட்டிக்கினு போவீங்களா?"

சம்பளம் எவ்ளோ, சொந்த வீடா, கூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு கேக்க வேண்டிய நேரத்துல கேக்குற கேள்வியா இது?

அவன், "எங்க போனாலும் காரு நான்தான் ஓட்டுவேன்னு அவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்க அத்த"ன்னான்.

"காரு ஓட்டத் தெரியுமா உனக்கு?"ன்னு நான் கேட்டேன் பொண்ண.

"ஆறு மாசமா தெரியும்பா."

என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு, "சொன்னேன், நீங்க பேசிக்கினு இருந்தீங்க"ன்னுச்சி. நான் எப்பப் பேசிக்கினு இருந்தேன்?

அந்தம்மா கேட்டாங்க, "நீங்க செஞ்சிக் கோட்டயும் பாத்ததில்லையா?"

"பஸ்ஸுல போறப்ப பாத்திருக்கேன்"னா இவ.

"வாங்க, இப்பவே போவலாம்."

"உங்களுக்கு முட்டி வலின்னு தேனு சொல்லுச்சி. காலையிலதான பாத்தீங்க?"

"நான் கீழ ஒக்காந்துக்கறேன். நீங்க ஏறிப் பாருங்க."

ஆட்டோ போயிடுச்சி. கார்ல அஞ்சு பேருக்குத்தான் எடம். பையன், பக்கத்துல பூங்காவனத்த ஒக்கார வெச்சாங்க, பின்னால அவங்க ரெண்டு பேரு, தேன்மொழி. எண்ணிப் பாத்துட்டு நான், "அப்ப நானு?"ன்னேன்.

தேன்மொழி ஜன்னல் வழியா தலைய நீட்டி, "உங்களுக்கு பஸ்ஸு இருக்கேப்பா"ன்னுச்சி. கிண்டலா சொல்லுச்சா, நெசமாவா, இன்னும் எனக்குப் புடிபடல. காரு போயிடுச்சி. வாசல்ல அந்த ரெண்டு காவலாளிங்களும் நானும்.

ரோட்டுக்கு நடந்து வந்து நின்னேன். செஞ்சி பஸ்ஸு வருது. கைய காட்டுறேன், நிக்காம போறான். புதுப் பையன் கண்டக்டரு, என்னத் தெரியல அவனுக்கு. தம்பி, என்னத் தாண்டி ஒரு பஸ்ஸு போறதுன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாது. நான் படியில நின்னு விசில் குடுத்தே பழக்கப்பட்டவன். ரோட்டுல நின்னு போற பஸ்ஸோட பின்பக்கத்தப் பாத்ததே இல்ல. அடுத்த பஸ்ஸுக்கு அந்த வெயில்ல காத்துக்கினு நின்னேன். ஒக்கார ஒரு கல்லுகூட இல்ல. அந்த நேரத்துல மனசு எங்கெங்கயோ போவுது. அவங்க போயி சேந்திருப்பாங்களா, இவ அங்க போயி இன்னா ஒளறுவா, சம்மந்தம் நிக்குமா நிக்காதா. யாருக்காவது காத்துக்கினு இருக்கறது மாதிரி ஒரு கஷ்டம் இல்ல தம்பி. எனக்கெல்லாம் அது ஒத்தே வராது.

ஒரு வழியா செஞ்சிக்கு வந்து, அங்க ஒரு திருவண்ணாமலை பஸ்ஸப் புடிச்சி, கோட்டையில எறங்கி ஓடினேன். மரத்து நெழல்ல சபாபதி சாரும் அந்தம்மாவும் வெள்ளரிப் பிஞ்சு தின்னுக்கினு இருந்தாங்க.

"எங்க அவ?"

"மேல போயிருக்காங்க. புள்ளைங்க ரெண்டும் கூடப் போயிருக்கு."

"எந்த மலைக்கு?"

சபாபதி சாரு கைய தூக்கி ராஜகிரியக் காட்டினாரு. மூணுல பெரிய மலை. அதுல ஏறணும்னா வயசுப் பசங்களே நாலு எடத்துல ஒக்காந்து ஒக்காந்துதான் போவானுங்க. இவளுக்குச் சுகர் வேற.

நான் ஏறினேன். மொத வாசலைத் தாண்டினதும் மூச்சு வாங்குது. கொரங்கு ஒண்ணு என் சட்டப் பையில கைய விடுது. படி போயிக்கினே இருக்கு. எனக்குக் கோவம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தலைய சுத்திச்சின்னா, கால் வழுக்கிச்சின்னா, யாரு பதில் சொல்றது? காவலுக்கு இருந்தவரு, "நேரமாச்சிங்க, இதுக்கு மேல விட மாட்டோம், எறங்குறவங்க மட்டும்தான்"னு நிறுத்திட்டாரு. என் பேரச் சொன்னேன், சர்வீஸச் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. கீழ வந்தேன். ஒக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. கல்யாண மகாலச் சுத்திச் சுத்தி வரேன். அந்தம்மா என்னக் கூப்பிட்டு, "ஒக்காருங்கண்ணா, வந்துடுவாங்க"ன்னாங்க. "உங்களுக்குத் தெரியாதும்மா"ன்னேன். எது தெரியாதுன்னு எனக்கே தெரியல.

வெயில் சாஞ்சப்பதான் வந்தாங்க. முன்னால அந்தப் புள்ளைங்க. ரெண்டும் என்னமோ பேசிச் சிரிச்சிக்கினு வருதுங்க, காலங்காலமா பழகினா மாதிரி. பொண்ணு பாக்குற சடங்கே அந்த மலையில முடிஞ்சி போச்சின்னு நெனைக்கிறேன். காபியும் இல்ல, தட்டும் இல்ல. பின்னால கொஞ்சம் தள்ளி பூங்காவனம். செருப்பு கையில. கொண்டை அவுந்து கெடக்கு. மொகம் செவந்து போயி, புடவ முந்தானைய இடுப்புல சொருகிக்கினு, ஒரு படி ஒரு படியா. என் முன்னால வந்து நின்னா. எனக்குத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சி.

"தண்ணி இருக்கா?"ன்னா. ஒரு மாசத்துல என்கிட்ட பேசின மொத வார்த்த.

என்கிட்ட தண்ணி இல்ல. வெளிய கடைக்கு ஓடிப் போயி ஒரு பாட்டில் வாங்கிக்கினு ஓடி வந்தேன். நான் வர்றதுக்குள்ள அவ அந்தம்மா பக்கத்துல ஒக்காந்து பேசிக்கினு இருந்தா. முதுகு என் பக்கம். நான் வந்தது தெரியாது.

அந்தம்மா கேக்குறாங்க, "மேல இருந்து பாத்தா இன்னா தெரியுது அண்ணி?"

"எல்லாம் தெரியுது. கொளம், வயலு, ஊரு. ரோடு ஒரு நூலு மாதிரி தெரியுது, அதுல பஸ்ஸு எறும்பு மாதிரி போவுது. இவரு எந்த பஸ்ஸுல வராரோன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கினே இருந்தேன். புள்ளைங்க மண்டபம், கோயிலெல்லாம் சுத்திட்டு வந்தாங்க, நான் அங்கயே நின்னுட்டேன்."

அந்தம்மா அவ கைய எடுத்து தன் மடியில வெச்சிக்கினாங்க.

கேட்டீங்களா தம்பி? அவ்ளோ படி ஏறி, அவ்ளோ வெயில்ல போயி, அங்க மண்டபத்தப் பாக்காம, பீரங்கியப் பாக்காம, பஸ்ஸப் பாத்துக்கினு நின்னிருக்கா. பஸ்ஸு பாக்க மலை மேலயா ஏறணும்? அத அப்பவே கேட்டிருப்பேன். ஆனா கையில தண்ணி பாட்டிலோட அங்கயே நின்னுட்டேன். கூப்பிடக்கூட இல்ல. தேன்மொழிதான் வந்து என் கையில இருந்து பாட்டில வாங்கிக் குடுத்துச்சி.

அன்னைக்கு ராகு காலம் முடிஞ்சப்புறம் எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க. அவளே கதவத் தொறந்தா. உப்புமாதான் செஞ்சா. சம்மந்தி வீட்டுக்கு உப்புமாவான்னு எனக்குக் கூச்சமா இருந்துச்சி, அவங்க ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. சபாபதி சாரு தேதி பேசிட்டுத்தான் போனாரு. ஆவணியில கல்யாணம். நீங்களும் வாங்க, அட்ரஸ் குடுக்கறேன்.

அவ வீட்டுலதான் இருக்கா இப்ப. திருவக்கரைக்கு சம்மந்தியம்மாவோட போயிட்டு வந்தா. பனமலைக்குப் போறாளாம் அடுத்து. எனக்கு எடம் இருந்தா நானும் போவேன், இல்லன்னா பஸ்ஸு. வந்ததும் நான் வெளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். "பாத்துட்டேன்"னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிடுவா. அவ அண்ணி பேச்சுதான் இதெல்லாம், வேற இன்னா?

ஆனா ஒண்ணு தம்பி. இது எனக்கே விசித்திரமா இருக்கு, யாருகிட்டயும் சொன்னதில்ல. இத்தன வருஷம் இந்த ரோட்டுல போயிருக்கேன். டிக்கெட்டு கிழிச்சேன், சில்லறை குடுத்தேன், கோட்ட வர்றதும் போறதும் ஸ்டாப்பு பேரு கத்துறதோட சரி. இப்ப செஞ்சியத் தாண்டினதும் நான் எங்க ஒக்காந்திருந்தாலும் எழுந்துடறேன். குனிஞ்சி அந்த மலை உச்சியப் பாக்குறேன். யாராவது நிக்கிறாங்களான்னு. அங்க யாரு நிக்கப் போறா? அவ வீட்டுல இருக்கா, அடுப்புல வேலையா இருப்பா, எனக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் பாக்குறேன்.

உங்களுக்கு அடுத்த ஸ்டாப்பு. பையெல்லாம் எடுத்து வெச்சிக்குங்க. கொஞ்சம் தலைய அந்தப் பக்கம் சாய்ங்க தம்பி, தோ, மலை வருது.